வாசலில் பூட்டு, உள்ளே எல்லாம் திறப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. இரண்டு சி.என்.சி. மெஷின், மூன்று லேத், எட்டு ஆட்கள். பெரிய வாகன நிறுவனங்களுக்குப் பாகம் செய்து தரும் ஒரு கம்பெனிக்கு, இவர்கள் பாகம் செய்து தருகிறார்கள். வரைபடம் மெயிலில் வரும். பில் கம்ப்யூட்டரில் போடப்படும். வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி புகை வரும். மற்ற நேரமெல்லாம் எண்ணெய் வாசனை.

இது எங்கோ இருக்கும் ஒரே ஒரு பட்டறையின் கதையல்ல, ஒரு மாதிரிதான். 1960-களில் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையிலும், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சந்துகளிலும் இதே அமைப்பில் ஓடும் யூனிட்டுகள் ஏராளம்.

ஒரு சனிக்கிழமை, பட்டறைக்கு சிசிடிவி பொருத்த ஆள் வந்தார். நாலு கேமரா, ஒரு ரெக்கார்டர். வேலை முடிந்ததும் முதலாளியிடம், "சார், ரவுட்டர் பாஸ்வேர்டு குடுங்க. ஒரு போர்ட் ஓப்பன் பண்ணி விட்டுடறேன். வீட்ல இருந்தே போன்ல பாத்துக்கலாம்" என்றார்.

முதலாளியின் அக்கா மகள் அன்று அங்கே இருந்தாள். ஆவடியில் வீடு, இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். லீவு நாளில் மின்சார ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, மாமாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பாள்.

"மாமா, பாஸ்வேர்டு குடுக்காதீங்க" என்றாள். "அது கதவைத் திறந்து வெச்சுட்டு வீட்டுக்குப் போற மாதிரி."

"கேமரா வெக்கறதே கதவைப் பாத்துக்கத்தானேம்மா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் அந்தப் பட்டறைக்கு மட்டுமல்ல, வைஃபை இருக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

ரவுட்டர் என்ற வாட்ச்மேன்

சாதாரண ரவுட்டரிலேயே ஒரு ஃபயர்வால் இருக்கிறது. அது ஒரே ஒரு விதியைத் தெரிந்த வாட்ச்மேன் மாதிரி. உள்ளே இருப்பவர் வெளியே எதையாவது கேட்டால், அதற்கான பதிலை மட்டும் உள்ளே விடுவார். கேட்காமல் வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார். அதனால்தான் போனில் வீடியோ பார்க்க முடிகிறது; ஆனால் யாரோ ஒருவர் வெளியிலிருந்து நேராக வீட்டு லேப்டாப்பைத் தொட முடிவதில்லை.

சிசிடிவி ஆள் கேட்ட 'போர்ட் ஓப்பன்' என்பது, அந்த வாட்ச்மேனிடம் 'இந்த எண்ணைச் சொல்லி யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் ரெக்கார்டர் அறைக்கு அனுப்பு' என்று சொல்வது. முதலாளி போனிலிருந்து வந்தாலும் அனுப்புவார். முன்பின் தெரியாத ஊரிலிருந்து திருட்டு மென்பொருள் வந்தாலும் அனுப்புவார்.

அப்படி வருவது கற்பனை அல்ல. 2016-ல் 'மிராய்' என்ற மென்பொருள் உலகம் முழுக்க இணையத்தில் திறந்துகிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதன் ஆயுதம் பெரிய வித்தை இல்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டு அனுப்பும், யாரும் மாற்றாத 60-க்கும் மேற்பட்ட பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல். அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடிபட்ட கருவிகளின் படை 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல இடங்களில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. தங்கள் கேமராவும் அந்தப் படையில் இருந்தது, அதன் சொந்தக்காரர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது.

நம் நாட்டில் நடந்தது இன்னும் வேதனையானது. 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பதிவான பெண்களின் காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. பாதுகாப்புக்காக மாட்டிய கேமராவே அந்தப் பெண்களுக்கு எதிராகத் திரும்பியது.

மாமா பாஸ்வேர்டு கொடுக்கவில்லை.

உள்ளே ஒரே கூடம்

போர்ட்டைத் திறக்காததால் வாசல் பத்திரம். ஆனால், அக்கா மகள் அதோடு விடவில்லை. அந்த ரவுட்டரில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று எண்ணினாள். அலுவலகக் கம்ப்யூட்டர் இரண்டு, பிரிண்டர் ஒன்று, சி.என்.சி. மெஷின் இரண்டு, இப்போது வந்த ரெக்கார்டர், அதன் நாலு கேமரா. மாமாவின் போன், சூப்பர்வைசர் போன், ஆட்களின் போன்கள். டீ கொண்டு வரும் பையனின் போன்கூட இருந்தது. வைஃபை பாஸ்வேர்டை எழுதிச் சுவரில் ஒட்டியதே மாமாதான்.

எல்லாம் ஒரே நெட்வொர்க். ஒரே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பது போல. ஒரே கூடத்துக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்குக் கேட்காது. யாரோ ஒருவர் போனில் ஒரு திருட்டு ஆப் புகுந்தால், அது பில் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டலாம், மெஷினின் கதவைத் தட்டலாம். தடுக்க ஆளில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது ஜி.எஸ்.டி. கணக்கு, ஆட்களின் சம்பள விவரம், வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த வரைபடங்கள். வரைபடம் வெளியே போனால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் எட்டுக் குடும்பங்களுக்குச் சம்பளம் போகும்.

பெரிய இடத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சி., புதிதாக வந்த ஒரு இயந்திரத்தை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தது. அதிலிருந்து 'வான்னாக்ரை' வகை வைரஸ் பரவி, மற்ற இயந்திரங்கள் முடங்கின. உற்பத்தி சில நாள்கள் பாதிக்கப்பட்டது. வைரஸ் வாசல் வழியாக வரவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்த இயந்திரத்திலிருந்து பக்கத்து இயந்திரத்துக்குத் தாவியது.

கூடங்குளம் சொல்லும் பாடம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. அது தமிழ்நாட்டிலேயே நடந்தது.

2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் 'டிட்ராக்' என்ற உளவு மென்பொருள் புகுந்ததாகச் செய்தி பரவியது. முதலில் நிலையம் மறுத்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதியே, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான 'செர்ட்-இன்' இதைக் கவனித்துத் தெரிவித்திருந்தது.

கழகம் சொன்ன விளக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. பாதிக்கப்பட்டது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க், அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அலுவலக அறையில் திருடன் புகுந்தான். ஆனால் அந்த அறைக்கும் உலை இயங்கும் பக்கத்துக்கும் நடுவில் கதவே இல்லை.

திருடன் எங்கேயுமே புகமாட்டான் என்று யாராலும் உறுதி தர முடியாது. புகுந்தால் அவன் எதுவரை போக முடியும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யலாம். ஃபயர்வால் விதி எழுதுவது என்றால் அந்த முடிவை எழுதி வைப்பதுதான்.

முதலில் காலண்டர் தாள்

அக்கா மகள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டாள். அலுவலகம், மெஷின், கேமரா, வந்து போகிறவர்கள். ஒவ்வொரு கருவியையும் ஒரு கட்டத்துக்குள் எழுதினாள். பிறகு மாமாவிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"மெஷின் யார்கிட்ட பேசணும்?"

"வரைபடம் போட்ட ஃபைல் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து அதுக்குப் போகணும். அவ்வளவுதான்."

"இன்டர்நெட் வேணுமா?"

"எதுக்கு? ரிப்பேர்னா கம்பெனி இன்ஜினீயர் ஆன்லைன்ல பாப்பாரு. வருஷத்துக்கு ரெண்டு தடவை."

"கேமரா?"

"ரெக்கார்டர்கிட்ட."

"பில் கம்ப்யூட்டர்கிட்ட?"

மாமா சிரித்துவிட்டார். "கேமராவுக்கு எதுக்கும்மா கணக்கு நோட்டு?"

ஃபயர்வால் திட்டத்தில் பாதி வேலை இந்தக் கேள்விதான். யாரைத் தடுப்பது என்று யோசித்தால் பட்டியல் முடியாது. யாருக்கு யாரிடம் வேலை என்று யோசித்தால் ஒரு தாளில் முடிந்துவிடும். வேலை உள்ளதற்கு மட்டும் அனுமதி, மிச்சமெல்லாம் தடை.

விதிகள், மேலிருந்து கீழாக

இன்டர்நெட் கம்பெனி தந்த பெட்டியில் இத்தனை விதி எழுத வசதி இல்லை. அதனால் சிறு அலுவலகங்களுக்கான ஒரு ரவுட்டரும், அதற்கேற்ற ஸ்விட்சும் வாங்கினார்கள். இவற்றில் 'வி-லேன்' என்ற வசதி உண்டு. ஒரே வயர், ஒரே ஸ்விட்ச் என்றாலும், ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனி அறைகளாகத் தடுத்துவிடும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக வேண்டுமானால் இப்போது வாட்ச்மேனைத் தாண்டித்தான் போக வேண்டும். அலுவலகத்துக்கு 192.168.10 என்று தொடங்கும் முகவரி, மெஷினுக்கு 192.168.20, கேமராவுக்கு 30, வந்து போகிறவர்களுக்கு 40.

பிறகு விதிகள்:

1. ஏற்கெனவே தொடங்கிய பேச்சுக்கு வரும் பதிலை விடு.
2. அலுவலகத்திலிருந்து மெஷினுக்கு: ஃபைல் அனுப்ப மட்டும் அனுமதி.
3. அலுவலகத்திலிருந்து ரெக்கார்டருக்கு: காட்சி பார்க்க அனுமதி.
4. அலுவலகத்திலிருந்து மற்ற அறைகளுக்கு: வேறு எதுவும் கூடாது. இணையத்துக்கு அனுமதி.
5. ரெக்கார்டரிலிருந்து வெளியே: அதன் ஆப் சேவைக்கு மட்டும். கேமராக்கள் நேரடியாக வெளியே போகக் கூடாது.
6. மெஷினிலிருந்து இணையத்துக்கு: தடை. ரிப்பேர் நாளில் மட்டும் தற்காலிக அனுமதி. முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.
7. வந்து போகிறவர்கள்: இணையத்துக்கு மட்டும்.
8. மேலே சொல்லாத எல்லாவற்றுக்கும் தடை. தடுத்ததைக் குறித்து வை.

மாமா வீட்டிலிருந்து கேமரா பார்க்கும் பிரச்னையும் ஐந்தாம் விதியில் தீர்ந்தது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லை. ரெக்கார்டரே தன் ஆப் சேவையோடு பேசிக்கொள்ளும். ரெக்கார்டரின் பழைய பாஸ்வேர்டை மாற்றி, அதன் மென்பொருளையும் புதுப்பித்தாள். நிலையான ஐ.பி. முகவரி வைத்திருக்கும் நிறுவனங்கள், ரவுட்டரிலேயே வி.பி.என். அமைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை சறுக்கல்கள்

மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் வேலையை வைத்துக்கொண்டது புத்திசாலித்தனம். பழைய அமைப்பை முதலிலேயே ஒரு நகல் எடுத்து வைத்ததும் அப்படித்தான். ஒரு தப்பான விதி, எழுதியவரையே ரவுட்டருக்குள் நுழைய விடாமல் பூட்டிவிடும். அதனால் தன் கம்ப்யூட்டரை வயர் மூலம் இணைத்து, அதிலிருந்து ரவுட்டருக்கு எப்போதும் அனுமதி என்ற விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

அப்படியும் மூன்று சறுக்கல்.

முதலாவது, விருந்தினர் வைஃபை இணைந்தது. எந்தத் தளமும் திறக்கவில்லை. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ்., அதாவது இணையத்தின் டெலிபோன் டைரக்டரி. அந்த 53-ஆம் போர்ட்டை ரவுட்டர்வரை விட மறந்திருந்தாள்.

இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. சோதித்துப் பார்க்க, விருந்தினர் வைஃபையில் இருந்த மாமா போனில் ரெக்கார்டரின் முகவரியைத் தட்டினாள். லாகின் பக்கம் வந்து நின்றது. காரணம் வரிசை. இந்த வகை ரவுட்டர் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதோடு நிறுத்திவிடும். 'விருந்தினர் எங்கும் போகலாம்' என்பது மேலேயும், 'விருந்தினர் உள் அறைகளுக்குப் போகக் கூடாது' என்பது கீழேயும் இருந்தன. கீழே இருந்ததை வாட்ச்மேன் படிக்கவே இல்லை. இடம் மாற்றினாள். லாகின் பக்கம் வரவில்லை. விதி எழுதியதோடு வேலை முடிந்தது என்று வந்திருந்தால், அந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கும்.

மூன்றாவது மாலையில் தெரிந்தது. கரண்ட் போய் வந்ததும் ரெக்கார்டரின் தேதி தப்பாகக் காட்டியது. சரியான நேரம் கேட்கும் 123-ஆம் போர்ட், அனுமதிப் பட்டியலில் விட்டுப் போயிருந்தது. தேதி தப்பான பதிவை நாளைக்குப் போலீஸிடம் கொடுத்தால் பலமான சாட்சியாக நிற்காது. அதையும் சேர்த்தாள்.

திங்கட்கிழமை சோதனை

உண்மையான சோதனை மறுநாள் காலை வந்தது. டெலிவரி வண்டி வாசலில் நிற்கிறது. சூப்பர்வைசர் போனிலிருந்து சலான் பிரிண்ட் போகவில்லை. அவர் போன் விருந்தினர் வைஃபையில் இருந்தது. பிரிண்டர் அலுவலக அறையில்.

மாமா போன் போட்டார். "எல்லாத்தையும் திறந்து விட்டுடும்மா. வண்டிக்காரன் கத்தறான்."

பல இடங்களில் ஃபயர்வால் செத்துப்போவது இந்த நிமிடத்தில்தான். அவசரத்துக்கு 'எல்லோரும் எங்கும் போகலாம்' என்று ஒரு விதியை மேலே போடுவார்கள். அவசரம் தீர்ந்துவிடும். விதி அங்கேயே இருக்கும்.

"சலானை உங்க கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துக் குடுங்க மாமா. சாயந்திரம் வந்து பாக்கறேன்" என்றாள். மாலையில் சூப்பர்வைசர் போனை மட்டும் அலுவலக வைஃபைக்கு மாற்றினாள். காலண்டர் தாளில் ஒரு வரி சேர்ந்தது: 'சூப்பர்வைசர் போன், சலான் பிரிண்ட்.' காரணம் எழுத முடியாத விதிலக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

வீட்டுக்கு இவ்வளவு தேவையா?

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு சாதாரண ஃபிளாட்டுக்கு வி-லேன் எல்லாம் வேண்டாம். இருக்கும் ரவுட்டரிலேயே முக்கால் பங்கு பலன் கிடைக்கும்.

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது முதல் வேலை. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. 'யு.பி.என்.பி.' என்ற வசதியை அணைப்பது இரண்டாவது. அது இயங்கினால், உள்ளே இருக்கும் கருவி யாரையும் கேட்காமல் தானே போர்ட்டைத் திறந்துகொள்ளும். மூன்றாவது, 'கெஸ்ட் வைஃபை' வசதியை இயக்கி, ஸ்மார்ட் டிவி, கேமரா, பேசும் ஸ்பீக்கர், விருந்தாளி போன் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவது. பாங்க் வேலை செய்யும் போனும் லேப்டாப்பும் மட்டும் முதன்மை வைஃபையில். போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்புவது அப்போது நின்றுபோகலாம். அந்த அசௌகரியத்தை ஏற்பதா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

கெஸ்ட் வசதி இல்லாவிட்டால், அலமாரியில் கிடக்கும் பழைய ரவுட்டர் உதவும். இன்டர்நெட் கம்பெனி தந்த பெட்டியில் டிவி, கேமரா, விருந்தாளி. அதற்குப் பின்னால் ரவுட்டராகவே இணைத்த இரண்டாவது பெட்டியில் முக்கியமான கருவிகள். பின்னால் இருப்பவை முன்னால் போகலாம்; முன்னால் இருப்பவை பின்னால் வர முடியாது. இரண்டுக்கும் முகவரி வரிசை வேறாக இருக்க வேண்டும். கேமராவைப் பின்னால் வைத்தால் பலன் தலைகீழ்.

இன்னொன்று. இப்போது பல இணைப்புகளில் பழைய ஐ.பி.வி4 முகவரியோடு ஐ.பி.வி6 முகவரியும் வருகிறது. சில ரவுட்டர்களில் இரண்டுக்கும் விதிகள் தனித்தனி. ஒன்றுக்கு மட்டும் எழுதினால், முன் கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவை மறந்த கதை.

எதற்கு உதவாது?

ஃபயர்வாலுக்கும் எல்லை உண்டு. போனில் ஓ.டி.பி. கேட்பவனிடம் வாயால் சொல்லிவிட்டால் அது என்ன செய்யும்? வைரஸ் உள்ள பென்டிரைவை மெஷினில் செருகினாலும் அதற்குத் தெரியாது. அதனால் கணக்கின் நகல் ஒன்று, நெட்வொர்க்கில் இணையாத தனி டிஸ்க்கில் இருப்பது நல்லது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பட்டறையில் சுவரில் இருந்த வைஃபை பாஸ்வேர்டு சீட்டு இப்போது இல்லை. அதே இடத்தில் விருந்தினர் வைஃபை சீட்டு ஒட்டியிருக்கிறது. டீ பையன் வழக்கம்போல அதில்தான் பாட்டு கேட்கிறான். காலண்டர் தாள் மட்டும் வெளியே ஒட்டப்படவில்லை; மாமாவின் மேஜை டிராயரில், கணக்கு நோட்டோடு பூட்டியிருக்கிறது.